லாரிக்குப் புதுக் கண் வந்த நாள்

எங்கள் லாரிக்கு மூக்கு இருந்தது. எஞ்சின் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் பழைய மாடல். அந்த மூக்கின் இரண்டு பக்கமும், சக்கரத்தை மூடும் தகரத்தின் மேல், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு விளக்குகள். விளக்கு என்று நான் சொல்வது மரியாதைக்காகத்தான். சுவிட்சைப் போட்டால் மஞ்சளாக ஏதோ எரியும். அது எரிகிறதா இல்லையா என்று பார்க்க இன்னொரு விளக்கு வேண்டும்.

கல்யாணமாகி விழுப்புரம் வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. எண்பதுகளின் நடுப்பகுதி அது. என் வீட்டுக்காரர் பல கை மாறி வந்த அந்த லாரியைத் தானே வாங்கித் தானே ஓட்டிக்கொண்டிருந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, சீசனில் திண்டிவனம் கமிட்டியிலிருந்து விழுப்புரத்து எண்ணெய் மில்லுக்கு மூட்டை ஏற்றுவார். விவசாயிகள் விளைச்சலைக் கொண்டுவந்து ஏலம் விடுகிற இடத்துக்கு எங்கள் பக்கம் கமிட்டி என்று பெயர். சீசன் இல்லாத நாளில் சவுக்குக் கட்டை, செங்கல், எது கிடைத்தாலும் ஏற்றுவார். வீட்டில் நாங்கள் மூன்று பேர். மூன்றாவது ஆள் அவருடைய அக்கா. ஓமந்தூரில் வாழ்க்கைப்பட்டு, புருஷனைச் சீக்கிரமே பறிகொடுத்துவிட்டுத் தம்பியோடு வந்து இருந்தவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். சிரிக்காமல் அடுத்தவர்களைச் சிரிக்க வைக்கிற வாய் அவருக்கு.

திண்டிவனத்தில் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்த ஒரு நாள், நான் பஸ்ஸை விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் கமிட்டியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தது தெரியும். அங்கே போய் நின்றேன். “ஏறு” என்றார். புருஷனோடு லாரியில் முன் சீட்டில் உட்கார்ந்து முதல் பயணம். தலையில் வளைகாப்பு வீட்டுப் பூ வேறு. கூட்டேரிப்பட்டு நெருங்கும்போது இருட்டிவிட்டது. எனக்கு முன்னால் இருந்த கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது, ரோடு தெரியவில்லை.

“ஏங்க, லைட்டப் போடுங்க” என்றேன்.

“போட்டுத்தான் ஓட்டிக்கினு வர்றேன்.”

நான் எழுந்து மூக்குக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். உண்மைதான். இரண்டு பக்கமும் பழுத்த எலுமிச்சம்பழம் மாதிரி இரண்டு எரிந்துகொண்டிருந்தன.

“அப்ப ரோடு எப்படித் தெரியுது உங்களுக்கு?”

“தெரியணும்னு இன்னா இருக்குது? இப்ப ஒரு வளைவு வரும். அப்புறம் சாஞ்ச புளியமரம் ரெண்டு. அப்புறம் ஒரு பாலம். பத்து வருஷமா பாக்கறேன், அதுங்க எங்கயும் போகல.”

“மாடு போகுமே. மாடும் பத்து வருஷமா அங்கயே நிக்குமா?”

சீட்டுக்கு அடியில் டூல்ஸ் பெட்டியில் ஒரு பெரிய டார்ச் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டேன். ஜன்னல் வழியாக உடம்பைப் பாதி வெளியே நீட்டி, வண்டிக்கு முன்னால் ரோட்டில் அடித்துக்கொண்டே வந்தேன். காற்றில் தலையிலிருந்த பூ போன இடம் தெரியவில்லை. எதிரே வந்த பஸ் ஒன்று ஓரங்கட்டி நின்றது. டிரைவர் தலையை நீட்டி, “இன்னாய்யா, குடும்பத்தோட நண்டு புடிக்கப் போறியா?” என்று கேட்டார். என் வீட்டுக்காரருக்கு மானம் போய்விட்டது. எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்து, விழுப்புரம் வரை இரண்டும் நிற்கவில்லை.

வீட்டில் இறங்கியதும் சொல்லிவிட்டேன். “லைட்ட மாத்துங்க. மாத்துற வரைக்கும் பொழுது சாஞ்சா வண்டி வாசல்ல நிக்கணும்.”

அண்ணி என் பக்கம் சேர்ந்துகொண்டார். “அவ சொல்றது சரிதான்டா. நீ தடவிக்கினு தடவிக்கினு வந்து சேர்றதுக்குள்ள இங்க சோறும் ஆறிப்போவுது, நானும் ஆறிப்போறேன்.”

அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. பழைய விளக்கைப் பற்றி அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது. லைட்டை நம்பி ஓட்டுகிறவன் டிரைவர் இல்லை என்பார். ஆனால் அந்த வாரமே அவர் மனசு மாறியது. விக்கிரவாண்டியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது மதராஸிலிருந்து வந்த புது லாரி ஒன்று எதிரே திரும்பியதாம். முன்னால் ஹாலஜன் பல்பு, எங்கள் ஊர் வாயில் ஆலஜன். அது அப்போதுதான் எங்கள் பக்கம் வரத் தொடங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து கை காலைக்கூடக் கழுவாமல் சொன்னார்.

“மஞ்சளே இல்லமே. வெள்ள வெளேர்னு. டீ கிளாசுக்குள்ள கிடந்த எறும்பு தெரிஞ்சிது. எறும்போட காலு தெரிஞ்சிது.”

“அந்த டீயக் குடிச்சீங்களா?” என்று கேட்டேன்.

“அத எங்க பாத்தேன். நான் லைட்டத்தான பாத்துக்கினு இருந்தேன்.”

திண்டிவனத்தில் ஒரு எலக்ட்ரீஷியன் ஆலஜன் மாட்டித் தருகிறார் என்று கேள்விப்பட்டு வண்டியை எடுத்தார். நானும் வருவேன் என்று ஏறிக்கொண்டேன். அண்ணியும் ஒரு தூக்கில் புளிச்சோற்றை எடுத்துக்கொண்டு ஏறினார். தம்பியின் லாரியில் அவர் ஏறியது அதுதான் முதல் தடவை. “மூணு பேரும் போயி நின்னாத்தான் ஏமாத்த மாட்டான்” என்றார்.

எலக்ட்ரீஷியன் வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடியை நிழலிலும் போட்டிருந்தார். லைட் வேலை செய்கிறவருக்குக் கண் கூசும், அதனால் என்று அவரே விளக்கம் சொன்னார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “கவலப்படாதீங்க. எங்கிட்ட லைட்டு போட்டவன் ஒருத்தன்கூட குறைன்னு திரும்பி வந்ததில்ல.”

“ஏன், எல்லாரும் போயிச் சேந்துட்டாங்களா?” என்று அண்ணி கேட்டார். எலக்ட்ரீஷியன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அண்ணியை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

வேலை தொடங்கியது. விளக்கை வைத்திருக்கும் கிண்ணத்துக்கு டூம் என்று பெயர். இடது டூமைத் திறந்ததும் பொலபொலவென்று மண் கொட்டியது. உள்ளே குளவிக்கூடு. ஒரு கூட்டுக்கு மேல் இன்னொரு கூடு, அதன் மேல் இன்னொன்று என்று மாடி வீடாகக் கட்டியிருந்தன. விளக்கு சூடாகாது என்று குளவிக்கே தெரிந்திருக்கிறது. வலது டூமில் குளவி இல்லை, துரு இருந்தது. வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க வேண்டிய பளபளப்பு எல்லாம் உரிந்து, அடுப்பில் வைத்த தோசைக்கல் நிறத்தில் இருந்தது. எலக்ட்ரீஷியன் குளவிக்கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைத்தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

பழைய டூமைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது டூம், புதுக் கண்ணாடி, நடுவில் சுண்டு விரல் அளவுக்கு ஆலஜன் பல்பு. அந்தப் பல்பை விரலால் தொடக் கூடாது என்று துணியால் பிடித்து மாட்டினார். அப்புறம் சுவிட்சிலிருந்து வந்த வயரை எடுத்துப் பார்த்துச் சிரித்தார். “இது கேக்கற கரண்ட்ட இந்த வயர்ல வுட்டா வயரு பஜ்ஜியாப் பூடும்.” தடித்த வயரைப் பேட்டரியிலிருந்தே தனியாக இழுத்தார். நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு டப்பாவை வைத்தார். அதற்குப் பெயர் ரிலே. அது எதற்கு என்று கேட்டேன்.

“சுவிட்சு மொதலாளிம்மா. உக்காந்த எடத்துலருந்து கை காட்றதோட சரி. மூட்டயத் தூக்கறது இவன்” என்று டப்பாவைத் தட்டினார்.

வேலை முடியும்போது மூன்று மணி இருக்கும். வெயில் பொளந்துகொண்டிருந்தது. விளக்கைப் போட்டால் எரிகிறது என்பது தெரிந்தது, எவ்வளவு எரிகிறது என்று தெரியவில்லை. இருட்டும்வரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. அண்ணிதான் யோசனை சொன்னார். “தார்ப்பாய எடுத்து மூக்க மூடுடா.” லோடு மூடும் தார்ப்பாயை எடுத்து லாரியின் மூக்கிலிருந்து எதிரே இருந்த சுவர்வரை இழுத்துக் கட்டினோம். அதற்குள் நானும் அண்ணியும் எலக்ட்ரீஷியனும் குனிந்து நுழைந்தோம். உள்ளே கும்மிருட்டு, தார் நாற்றம், பழைய மல்லாட்டைத் தூசி. என் வீட்டுக்காரர் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, “போடட்டுமா?” என்று கத்தினார்.

“போடுங்க!”

போட்டார்.

அப்படி ஒரு வெள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை. சுவரில் காரை பெயர்ந்த இடம், ஒரு பல்லி, பல்லியின் நிழல், அண்ணியின் மூக்குத்திக் கல், எலக்ட்ரீஷியன் மீசைக்கு அடித்திருந்த சாயம், சாயம் படாமல் விட்ட நரை, எல்லாம் ஒரே சமயத்தில் கண்ணுக்குள் வந்து விழுந்தன. அண்ணி என் முகத்தைப் பார்த்து, “எம்மா, உனக்கு இங்க மச்சம் இருக்குதா!” என்றார். கூடவே வாழ்கிறோம், அப்போதுதான் பார்க்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. எலக்ட்ரீஷியன், “எப்படி, எப்படி!” என்று தன் தொடையில் தானே தட்டிக்கொண்டார்.

நாங்கள் போட்ட சத்தத்தைக் கேட்டு என் வீட்டுக்காரருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. ஓங்கி ஹாரனை அழுத்தினார். விளக்கு அணைந்துவிட்டது. ஹாரன் சத்தமும் வரவில்லை, பசித்த ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு முனகல்தான் வந்தது. திடீரென்று இருட்டானதும் மூன்று பேரும் கத்தினோம். அண்ணி எலக்ட்ரீஷியனின் காலை மிதித்தார். அவர் என்மேல் சாய்ந்தார். நான் தார்ப்பாயின் கயிற்றைப் பிடித்தேன். தார்ப்பாய் மொத்தமும் எங்கள் தலைமேல் வந்து விழுந்தது.

வெளியே வந்தபோது சுற்றிலும் கூட்டம் நின்றது. உள்ளே என்ன நடந்தது என்று அவர்கள் கேட்ட கேள்விக்கு எங்களால் சிரிப்பைத் தவிர வேறு பதில் சொல்ல முடியவில்லை.

அதற்கப்புறம் ஒரே பேஜாரு. ஹாரன் அடித்தால் விளக்கு இல்லை, விளக்குப் போட்டால் ஹாரன் இல்லை. எலக்ட்ரீஷியன் வயரை எல்லாம் திரும்பப் பிரித்தார். ரிலேவை மாற்றினார். ஹாரனைத் திட்டினார். “ரெண்டுல ஒண்ணு போதும்னு வுட்டுடலாமா?” என்று என் வீட்டுக்காரரே கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது. “ஆமாண்டா, மாடு குறுக்க வந்தா ஹாரன் அடிச்சி இருட்டுல இடி” என்றார் அண்ணி. நாங்கள் புளிச்சோற்றை எடுத்து வைத்து எலக்ட்ரீஷியனையும் உட்கார வைத்தோம். பாதிச் சாப்பாட்டில் அவர் கையை உதறிக்கொண்டு எழுந்து, “எர்த்து! எர்த்து!” என்று கத்தினார்.

பேட்டரியிலிருந்து வண்டியின் உடம்புக்கு ஒரு வயர் போய் இரும்பைத் தொட வேண்டும். அது தொட்டால்தான் எல்லாக் கரண்டும் திரும்பி வரும். எங்கள் வண்டியில் அந்த வயர் இரும்பைத் தொடவில்லை, பெயிண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. வண்டியை வாங்கியவர்கள் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த நிறத்தைப் பழைய நிறத்தின் மேலேயே அடித்திருக்கிறார்கள். எலக்ட்ரீஷியன் சுரண்டச் சுரண்ட நீலம் போய்ப் பச்சை வந்தது, பச்சை போய்க் காவி வந்தது, காவி போய் ஒரு ரோஸ் வந்தது. லாரிக்கு ரோஸ் அடித்த அந்தப் புண்ணியவான் யார் என்று இன்றுவரை தெரியாது. கடைசியில் வெள்ளையாக இரும்பு தெரிந்தது. உப்புத்தாளால் தேய்த்து வயரை இறுக்கினார். விளக்கும் எரிந்தது, ஹாரனும் அடித்தது. ஹாரன் அடித்த சத்தத்தில் பக்கத்துப் பழக்கடைக்காரர் கையிலிருந்த சப்போட்டாவைக் கீழே போட்டார்.

லோடு இல்லாத வண்டி. வெளிச்சம் குறைகிற நேரம் பார்த்துக் கிளம்பினோம். நான் நடுவில், அண்ணி ஜன்னல் ஓரம். ஊர் எல்லை தாண்டியதும் அவர் விளக்கைப் போட்டார். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினோம்.

புளியமரங்களின் இடுப்பில் அடித்திருந்த வெள்ளைப் பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து எழுந்து வந்தன. ஒவ்வொரு மரத்திலும் நம்பர். அண்ணி நம்பரைச் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தார். வழியில் ஒரு மதகுச் சுவரில் எந்தக் காலத்துத் தேர்தலுக்கோ எழுதியதை வாசித்தார். ரோட்டோரத்தில் ஒரு நரி இரண்டு பச்சைக் கண்ணோடு திரும்பிப் பார்த்துவிட்டு மல்லாட்டைக் கொல்லைக்குள் நுழைந்தது. “நரி முகத்துல முழிச்சாச்சி!” என்று அண்ணி கை தட்டினார்.

எல்லாரையும்விட ஆச்சரியப்பட்டவர் பத்து வருஷமாக அந்த ரோட்டில் ஓட்டியவர்தான். “இங்க ஒரு கோயிலு இருக்குது!” என்றார். கொஞ்ச தூரம் போய், “இந்தப் பக்கமா ஒரு ரோடு போவுதே!” என்றார். சாய்ந்த புளியமரங்கள் வந்தன. இரண்டு இல்லை, மூன்று. வண்டியை நிறுத்தி, இறங்கி, மூன்றாவது மரத்தைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். “ரெண்டுதான் இருந்திச்சி” என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

எதிரே வருகிறவர்களுக்கு டிம் அடித்துக் காட்டுவதில் அவருக்கு ஒரு தனி ஆனந்தம் வந்துவிட்டது. கிளட்சுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு குமிழ் இருக்கும். இடது காலால் அதை ஒரு மிதி மிதித்தால் வெளிச்சம் ரோட்டுக்குத் தாழ்ந்துவிடும், இன்னொரு மிதி மிதித்தால் பிரைட். முன்பெல்லாம் டிம்முக்கும் பிரைட்டுக்கும் வித்தியாசமே தெரியாததால் அந்தக் குமிழ் துருப்பிடித்துக் கிடந்தது. இப்போது சைக்கிளில் வருகிறவருக்குக்கூட டிம் அடித்தார்.

விக்கிரவாண்டிக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டை ஒட்டி ஒரே கூச்சல். எங்கள் வெளிச்சத்தைப் பார்த்ததும் பனியனும் டவுசருமாகப் பத்துப் பதினைந்து ஆட்கள் ரோட்டுக்கு ஓடி வந்து கையை ஆட்டினார்கள். விபத்தோ என்று எனக்குத் திக்கென்றது.

“அண்ணே, பைனல்ணே! கரண்ட்டு போச்சிண்ணே! கொஞ்சம் லைட்டக் காட்டுங்கண்ணே!”

வாலிபால் போட்டி. மூங்கில் கம்பங்களில் ட்யூப் லைட் கட்டி நடத்திக்கொண்டிருந்த பைனல், பாதியில் இருட்டிவிட்டது. சுற்றிலும் ஊரே உட்கார்ந்திருந்தது. எந்த டீம் என்று அவர் கேட்டார். ஓமந்தூர் பக்கத்து டீமும் முகையூர் பக்கத்து டீமும். என் பிறந்த வீடு முகையூர் பக்கம், அண்ணி வாழ்க்கைப்பட்டது ஓமந்தூரில். நானும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதுவரை ஒரே கட்சியாக வந்த நாங்கள் அந்த நொடியில் பிரிந்தோம்.

வண்டியைப் பக்கவாட்டில் நிறுத்த இடம் இல்லை, இரண்டு பக்கமும் பயிர் நிற்கும் கொல்லை. ரோட்டுப் பக்கமாக, ஒரு டீமின் முதுகுக்குப் பின்னால்தான் நிறுத்த முடிந்தது. எஞ்சினை அணைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்று ஆக்ஸிலேட்டர்மேல் ஒரு கல்லை வைத்தார். பிரைட் போட்டதும் ஊரே “ஹோ” என்றது. வலைக்கு அந்தப்பக்கம் இருந்த ஓமந்தூர்க்காரர்கள் மட்டும் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நேராக லாரியைப் பார்த்து நிற்கிறார்கள், பந்து எங்கே தெரியும்?

டிம் போட்டார். ஓமந்தூருக்குக் கண் தெரிந்தது. ஆனால் வலைக்கு மேலே எல்லாம் இருட்டு. முகையூர்க்காரர் தூக்கிப் போட்ட பந்து மேலே போய்க் காணாமல் போனது. எல்லாரும் வாயைப் பிளந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பந்து அம்பயராக நின்ற டிரில் மாஸ்டரின் தோளில் வந்து விழுந்தது.

டிரில் மாஸ்டர் யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். பந்து ரோட்டுப் பக்க டீமிடம் இருக்கும்போது பிரைட், வலையைத் தாண்டி அந்தப்பக்கம் போனால் டிம். செட்டுக்கு செட்டு டீம்கள் இடம் மாறுவதால் யாருக்கும் அநியாயம் இல்லை. என் வீட்டுக்காரர் சரி என்றார். ஆனால் அவர் ஒரு வாலிபால் பைத்தியம். நல்ல அடி விழுந்தால் காலை எடுத்துவிட்டு எழுந்து நின்று கத்தினார். “டிம்மு! டிம்மு!” என்று அந்தப்பக்கம் அலறினார்கள். டிரில் மாஸ்டர் விசிலை ஊதிக்கொண்டு லாரிக்கே வந்துவிட்டார்.

“நீங்க எறங்கிப் பாருங்க சார். அந்தம்மாவ உக்கார வைங்க.”

நான் டிரைவர் சீட்டுக்கு நகர்ந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் குமிழின்மேல் இடது பாதத்தை வைத்தேன். கல்லின் கனத்தில் எஞ்சின் கட்டையாக உறுமியது. சீட்டு அதிர்ந்தது. இவ்வளவு பெரிய ஸ்டியரிங்கை அதுவரை நான் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

விசில். பந்து எழுந்தது. டக், டிம். திரும்பி வந்தது. டக், பிரைட். மறுபடி டக். முதலில் நான் பின்தங்கினேன். பிறகு பந்து எங்கே போகும் என்பதை அடிக்கிறவரின் கையைப் பார்த்தே தெரிந்துகொள்ள முடிந்தது. பந்து கையைவிட்டுக் கிளம்பும்போதே என் காலும் கிளம்பியது. டக் டக் டக் என்று நான் தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி மிதிக்க, மைதானம் வெள்ளையாவதும் தாழ்வதும் வெள்ளையாவதுமாக இருந்தது. “அக்கா பிரைட்டு!” “அக்கா டிம்மு!” என்று கத்திக்கொண்டிருந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் கத்துவதை நிறுத்திவிட்டார்கள், தேவைப்படவில்லை. விளையாடுகிற பன்னிரண்டு பேரோடு பதின்மூன்றாவதாக நானும் விளையாடிக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் அண்ணி சும்மா இருக்கவில்லை. “எங்க ஊருப் பசங்களுக்கு நல்லாக் காட்டுடி!” என்று என் தொடையில் கிள்ளினார்.

“ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் காட்டறேன் அண்ணி.”

“உன் புத்தி முகையூர்லதான் கீது. உன் காலப் பாத்தாலே தெரியுது.”

சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து படியில் நின்றுகொண்டார். அங்கிருந்து ஓமந்தூர் வாழ்க என்று அவர் போட்ட கூச்சலில், எதிரே உட்கார்ந்திருந்த பெண்களும் எழுந்து கத்தத் தொடங்கினார்கள். வெள்ளைப் புடவையின் முந்தானையை எடுத்துத் தலைக்கு மேலே சுற்றினார். அவர் அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரரும் பார்த்ததில்லை போலிருக்கிறது. மைதானத்துப் பக்கம் நின்றவர் ஆட்டத்தை விட்டுவிட்டு அக்காவையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆளுக்கு ஒரு செட். மூன்றாவது செட்டில் பாயிண்டுகள் ஒட்டிக்கொண்டே போயின. கடைசிக் கட்டத்தில் திடீரென்று கம்பத்தில் இருந்த ட்யூப் லைட்டுகள் கண்ணைச் சிமிட்டின. கரண்ட் வந்துவிட்டது. ட்யூப் லைட் வெளிச்சம் எங்கள் வெளிச்சத்துக்கு முன்னால் மோர்த் தண்ணீர் மாதிரி இருந்தது. ஒரு நிமிஷம் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்கோ காலை எடுக்க மனசே வரவில்லை.

முகையூர் கேப்டன் கையைத் தூக்கினார். “சார், ட்யூப் லைட்ட ஆஃப் பண்ணுங்க. நாங்க அக்கா லைட்டுலயே ஆடிக்கறோம்.”

ஓமந்தூர் கேப்டனும், “ஆமா சார், அதுல எங்களுக்குக் கண்ணு பழகிப்போச்சி” என்றார்.

டிரில் மாஸ்டர் கையைக் காட்ட, ட்யூப் லைட்டை அணைத்தார்கள். ஊரே சிரித்தது. நான் பாதத்தை மறுபடி குமிழின்மேல் வைத்தேன்.

ஓமந்தூர்தான் ஜெயித்தது. கடைசிப் பந்து வலையில் மோதி, வலையின் மேலேயே கொஞ்சம் யோசித்து, முகையூர்ப் பக்கம் விழுந்தது. அண்ணி படியிலிருந்து குதித்து மைதானத்துக்குள் ஓடினார். எனக்குத் தோற்ற வருத்தமே வரவில்லை. இடது கால் பிடித்துக்கொண்டுவிட்டது. நொண்டிக்கொண்டே இறங்கினேன். பரிசு கொடுக்க வந்திருந்த பெரியவர் தனக்குப் போட்ட மாலையைக் கழற்றி லாரியின் மூக்கில் போட்டார். இரண்டு கேப்டன்களும் வந்து என்னிடம் கை கொடுத்தார்கள். ஆண்கள் எனக்குக் கை கொடுத்தது அதுதான் முதல் தடவை. கையை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிவிட்டேன்.

மாலை ஆட ஆட விழுப்புரத்துக்குள் நுழைந்தோம். ஊர் முகப்பிலேயே ஒரு போலீஸ்காரர் கையை நீட்டி நிறுத்தினார். இன்னொரு கை அவர் கண்ணை மறைத்திருந்தது.

“கண்ண அவிச்சிடுவ போல கீதே. கண்ணாடியில கறுப்பு எங்கய்யா?”

அந்தக் காலத்தில் முன்விளக்குக் கண்ணாடியில் கறுப்பாக வட்டம் பூசியிருக்க வேண்டும், எதிரே வருகிறவருக்குக் கூசாமல் இருக்க. சந்தோஷத்தில் எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் அது நினைவில்லை, எலக்ட்ரீஷியனுக்கும் இல்லை.

“இன்னைக்குத்தாங்க மாட்டினோம். காலைல மொத வேலையா பெயிண்ட்டு அடிச்சிடறேங்க” என்றார் என் வீட்டுக்காரர்.

“காலைல அடிச்சிட்டு அப்புறம் ஓட்டு. இப்ப ஓரமா வுடு.”

வீடு இரண்டு தெரு தள்ளித்தான். நான் கைப்பையைத் திறந்து மை டப்பாவை எடுத்தேன். இறங்கிப் போய் வலது கண்ணாடியில் மையைத் தொட்டு ஒரு பொட்டு வைத்தேன். போலீஸ்காரர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

“கொழந்தைக்கு வைக்கிற மாதிரி ஓரமா வைக்காதம்மா. நடுவுல வை. பெருசா வை.”

நடுவில் பெரிதாக வைத்தேன். அண்ணி இடது கண்ணாடிக்கு வைத்தார். டப்பாவில் இருந்த மை முழுக்கத் தீர்ந்தது. அப்புறம் அண்ணி மையான விரலோடு லாரிக்கு இரண்டு கையாலும் திருஷ்டி கழித்து, நெற்றிப்பொட்டில் நெட்டி முறித்தார். போலீஸ்காரர் சிரிப்பை அடக்க முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, “போங்க, ஜல்தி போங்க” என்று கையை ஆட்டினார்.

மறுநாள் காலை பால்காரர் கதவைத் தட்டி, “ராத்திரி வீட்ல எதுனா துக்கமா?” என்று கேட்டார். வெளியே வந்து பார்த்தேன். ஆலஜன் சூட்டில் மை உருகிக் கண்ணாடியிலிருந்து கீழே வழிந்திருந்தது. இரண்டு கண்ணிலிருந்தும் கறுப்புக் கறுப்பாகக் கண்ணீர், தாடைவரை. மூக்கில் வாடிய மாலை வேறு. ஊரைக் கூட்டி அழுதுவிட்டு வந்து நிற்கிற மாதிரி நின்றது எங்கள் லாரி.

அவர் மண்ணெண்ணெய்த் துணியோடு துடைக்கப் போனார். “இருங்க, இருங்க, அண்ணி பாக்கட்டும்” என்று கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணியைக் கூப்பிட்டேன்.